தங்கவயலில் எஞ்சிய சுவர்கள்

கோலார் தங்கவயலுக்கு இப்போது நிறையப் பேர் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். சினிமாவில் பார்த்த ஊரை நேரில் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், பாழடைந்த கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். கூரை இழந்த பங்களாக்கள், சாப்ட் எனும் சுரங்கக் குழி வாய்களின் மேல் துருவேறி நிற்கும் இரும்புக் கோபுரங்கள், வெளுத்துப்போன சயனைடு கழிவு மேடுகள் என்று கண்ணுக்குத் தீனி ஏராளம். யாரும் இல்லாத ஊர், பேய் ஊர் என்று அந்தப் படங்களுக்குத் தலைப்பும் கொடுத்துவிடுகிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தப் 'பேய் ஊரில்' வாழ்ந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல். சிதைந்த பங்களாவின் வேலியைத் தாண்டிச் சற்றே நடந்தால் குடியிருப்பு வரிசைகள் வந்துவிடும். குழாயடியில் குடங்கள் நிற்கும், கோயில் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு ஓடும்.

இடிந்த கட்டடத்தைக் கண்டதும் அதன் கதையைக் கேட்கத் தோன்றுவது நல்ல குணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: இது என்னவாக இருந்தது? கிளப்பாக இருந்தது, ஆஸ்பத்திரியாக இருந்தது, மின்நிலையமாக இருந்தது என்று பதில் கிடைத்ததும் திருப்தியோடு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுகிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சொல்வது, நிலைத்து நிற்கட்டும் என்று காசு போட்டுக் கட்டியவரின் கதை. நிலைக்கத் தேவையில்லை என்று மூங்கில் தட்டியால் கட்டப்பட்டவை மண்ணோடு போய்விட்டன. தங்கவயலின் கட்டடங்களைப் படிக்க வருகிறவர் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

இந்த ஊரின் நவீன வரலாறே கைவிடப்பட்ட இடங்களைத் தேடிப் போனவர்களால் தொடங்கியது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு கொல்லப்பட்ட பிறகு, மைசூரின் எல்லைகளை அளக்கும் வேலை நடந்தது. அதற்காக வந்த லெப்டினென்ட் ஜான் வாரன் என்ற அதிகாரி, 1802-இல் மண்ணில் பொன் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேள்விப்பட்டார். கிராமத்தார் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பதை நேரில் பார்த்தார். பிறகு மாரிக்குப்பத்துப் பக்கம் போனபோது குழிகளுக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கண்டார். குழியின் பக்கவாட்டில் செதுக்கிய சிறு சிறு பள்ளங்களில் கால் வைத்து இறங்குகிறார்கள். உடைத்த கல்லைக் கூடையில் போட்டுக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புகிறார்கள். மேலே பெண்கள் அதைப் பாறைமேல் வைத்துத் தூளாக இடிக்கிறார்கள். இடித்ததை அலசினால் பொன். இந்த வேலையைச் செய்தவர்கள் பறையர் என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார். சுரங்கக் கம்பெனி வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னாலேயே கல்லைப் படித்துப் பொன்னைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்த வெள்ளைக்கார அதிகாரியின் எழுத்தே சாட்சி. பிற்கால வரலாறுகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டன.

வாரனின் குறிப்பைப் பல ஆண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லவெல். நியூசிலாந்தில் போர் முடித்து வந்து பெங்களூரில் குடியேறிய அயர்லாந்துச் சிப்பாய். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட உரிமை வாங்கினார். கையில் காசில்லாததால் உரிமை கைமாறியது. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. ஆரம்பத்தில் போட்ட பணமெல்லாம் கல்லிலேயே கரைந்தது. டெய்லர் நிர்வகித்த மைசூர் சுரங்கக் கம்பெனியின் முதல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்ட நேரத்தில்தான் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி, மண்மூடிக் கிடந்த பழைய குழிகளைப் பின்பற்றிக் கீழே போய்ப் பார்த்தார். அவற்றின் அடியில்தான் சாம்பியன் ரீஃப் என்று பிறகு பெயர் பெற்ற பொன்படிவு அகப்பட்டது. அந்தப் பழைய சுரங்கங்களில் கிடைத்த மரத்துண்டுகளைக் கரிமச் சோதனை செய்தபோது சுமார் 1500 ஆண்டுப் பழமை தெரியவந்தது.

யாரோ தோண்டிப் பாறை கடினமானதாலோ நீர் ஊறியதாலோ விட்டுப் போன குழி, டெய்லர் கம்பெனிக்கு வழிகாட்டிப் பலகை ஆயிற்று. தோண்டியவர் யார், எப்படிச் செத்தார், ஏன் விட்டார் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற ஒன்றே கேள்வி. இன்றைக்குத் தங்கவயலுக்குள் நுழைகிறவர்களிடமும் இந்தக் குணம் தொடர்வதைப் பார்க்கிறேன். இரும்பு திருடப் போகிறவரும் காட்சி எடுக்கப் போகிறவரும் தேடுவது மிச்சத்தைத்தான்.

அதன் பிறகு நடந்தது அசுர வேகம். பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை வந்தது. பாலாற்று நீரைத் தேக்கிய பேத்தமங்கலத்திலிருந்து குடிநீர் வந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். மைசூர் ராஜ்ஜியத்தின் பெரிய நகரத்துக்கு மூன்றாண்டு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் போனது என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மின்சாரம் மனிதர்களுக்காக அவ்வளவு தூரம் வரவில்லை. பாறை நொறுக்கும் ஆலைக்கும், கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டருக்கும், தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் வந்தது. இன்று இடிந்து கிடக்கும் கட்டடங்களில் சுவர் மிகத் தடிமனானவை எவை என்று பார்த்தாலே இது புரிந்துவிடும்.

வைண்டர் அறைகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தரையெல்லாம் சிமெண்ட் மேடை. மேடையில் வரிசையாக முழங்கை தடிமனில் போல்ட்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த இயந்திரம் இல்லை. சுவரில் கம்பிவடம் வெளியே போன துவாரம் மட்டும் இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் நேர் எதிரே சாப்ட் கோபுரத்தின் சக்கரம் தெரியும். இந்த அறையில் உட்கார்ந்திருந்த வைண்டர் ஓட்டுநருக்குக் கூண்டில் இருப்பவர்களின் முகம் தெரியாது. கீழிருந்து வரும் மணிச் சத்தத்தின் எண்ணிக்கைதான் மொழி. இத்தனை மணி என்றால் ஏற்று, இத்தனை என்றால் நிறுத்து, இத்தனை என்றால் ஆட்கள் இருக்கிறார்கள், மெதுவாக. ஒரு ஷிப்ட்டுக்குப் பல நூறு உயிர்கள் அவர் கை விசையில் தொங்கின. படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியே தெரியும் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் துவாரத்தின் வழியாக ஒரு தரம் பார்த்தால் கோபுரம், கம்பி, அறை, மனிதர் எல்லாம் ஒரே இயந்திரமாக இருந்தது தெரியும்.

பங்களாக்கள் வேறு உலகம். 'குட்டி இங்கிலாந்து' என்று அந்த ஊரை வெள்ளையர் கொஞ்சிக்கொண்டார்கள். உயரத்தில் இருப்பதால் குளிர்ந்த காற்று. கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கம் தெரிந்தவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். தேவாலயம், கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் எழுந்தன. பங்களாக்களின் கூடத்தில் கணப்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். புகைக்கூண்டு கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மார்கழி இரவில் அங்கே விறகு எரிந்திருக்கும். அதே நேரம், அந்தத் தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. குளிரூட்டிய காற்றைக் கீழே தள்ளித்தான் அங்கே மனிதர் நிற்கவே முடிந்தது. மேலே ஒருவருக்குக் குளிர் காய நெருப்பு, கீழே ஒருவருக்கு மூச்சு விடக் குளிர் காற்று. இந்த ஊரின் கட்டடக்கலையை விளக்க எனக்கு வேறு படம் தேவைப்படவில்லை.

கீழே நின்றவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ், தெலுங்கு மக்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மை தலித்துகள். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் கண்முன்னே இருந்த தலைமுறை அது. நிலம் வேறொருவருடையது, உழைப்பு அடிமைத்தனம் என்று இருந்த கிராமத்தை விட்டு, மேஸ்திரிகளின் வாக்கை நம்பி மூட்டை கட்டினார்கள். ஒரு கட்டத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இந்தச் சுரங்கங்களில் உழைத்தார்கள்.

அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது 'லைன்'. மூங்கில் தட்டிச் சுவர், தகரமோ ஓலையோ கூரை, ஒரே அறை. தட்டி வீடு என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தத் தட்டிக்குப் பின்னால் குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், இருமிக்கொண்டே செத்தார்கள். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் தங்கவயலின் தொழில்நோய். அந்தத் தட்டிகளில் ஒன்றுகூட நூறாண்டு தாங்கவில்லை. தாங்கும்படி யாரும் கட்டவில்லை. கணப்பு வைத்த பங்களாவின் சுவர் மட்டும் கூரை போன பின்னும் நிற்கிறது. பாழடைந்த கட்டடங்களைப் பார்த்து வரலாறு எழுதுகிறவர்களை நான் எச்சரிக்க விரும்புவது இதைத்தான். எஞ்சியவற்றை மட்டும் எண்ணினால் அந்த ஊரில் சில நூறு வெள்ளைக் குடும்பங்கள் மட்டுமே வாழ்ந்ததாகக் கணக்கு வரும்.

தங்கம் என்பதால் சந்தேகமும் கூடவே வந்தது. ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவனின் உடம்பைச் சோதிப்பது அன்றாட நடைமுறை. திருட்டைத் தடுக்க மைசூர் அரசு தனிச்சட்டமே போட்டுக் கொடுத்தது. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முனைந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளிகளிடம் எடுப்பதை எங்களிடம் ஏன் எடுக்கிறாய் என்ற மானப் பிரச்சினை அது. கூலி உயர்வுக்கு முன்னால் மரியாதைக்காக நடந்த போராட்டம் என்று அதைச் சொல்வேன். சோதனை நடந்த வாசல்களின் தூண்கள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அங்கே எந்தப் பலகையும் கிடையாது.

பூமிக்கடியில் இன்னொரு பயம். ஆழம் கூடக்கூடப் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுரங்கச் சுவர் வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்ற அந்தச் சொல் தங்கவயலில் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் தமிழாகிவிட்டது. சில வெடிப்புகள் மேலே வீடுகளையே உலுக்கிச் சுவரில் விரிசல் விழச் செய்தன. அடுப்பில் உலை வைத்த பெண் தரை அதிர்ந்ததும் அடுப்பை விட்டுவிட்டு சாப்ட் வாசலுக்கு ஓடுவாள். அவளைப் போல இன்னும் நூறு பேர் ஓடி வருவார்கள். கூண்டு மேலே வரும்வரை யாருடைய ஆள் என்று தெரியாது. இன்றும் நிற்கும் கட்டடங்களில் ஓடும் விரிசல்களில் சில காலத்தின் வேலை, சில பாறையின் வேலை. பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் எது எது என்று காட்டுவார்கள்.

கம்பெனி கட்டாத கட்டடங்களும் தங்கவயலில் உண்டு. தமிழர்களுக்கு இந்த ஊர் முக்கியமாவது அவற்றால்தான். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்கு மிக வலுவான கிளைகள் அமைந்த இடங்களில் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்பும் அடங்கும். சேரியில் பிறந்தவன் என்று ஊருக்குள் விடாதவர்கள், பாறைக்கடியில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்து, குளித்துவிட்டு, புத்த விகாரையில் உட்கார்ந்து பத்திரிகை வாசித்தார்கள். எழுத்துக் கூட்டி ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். 1914-இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு தடைபட்டுப்போன அவருடைய 'தமிழன்' இதழை 1920களில் மீண்டும் எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார். அது வெளிவந்தது தங்கவயலிலிருந்து. அயோத்திதாசரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கேதான் இயங்கியது. 1990களில் அயோத்திதாசரைத் தமிழ் அறிவுலகம் 'மறுகண்டுபிடிப்பு' செய்தபோது, சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்து அச்சிட்டுப் பெட்டிகளில் பாதுகாத்த பிரதிகள் பெரும் துணையாக நின்றன. பெரியார் அங்கே வந்திருக்கிறார். அம்பேத்கர் 1954-இல் வந்திருக்கிறார்.

கிளப் கட்டடத்தில் பில்லியர்ட்ஸ் மேசை எங்கே இருந்தது என்று கேட்டுப் படமெடுக்கும் பயணிகள், அச்சுக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. அந்தத் தெருவைத் தேடிப் போக வேண்டியவர்கள் நாம். நம்முடைய நூறாண்டுச் சிந்தனை வரலாற்றின் ஒரு அறை அந்த ஊரில் இருக்கிறது.

இன்னொரு அறை தண்ணீருக்கடியில் இருக்கிறது. 1951-இல் பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் இயற்பியலாளர் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவியோடு தங்கவயலுக்கு வந்தார். மேலிருந்து வரும் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். ஆழத்துக்குப் போகப்போக மற்றவை எல்லாம் நின்றுவிடும், எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோவின் தடம் மட்டும் அகப்படக்கூடும். 1965-இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனையில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை உலகிலேயே முதன்முறையாகப் பதிவு செய்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் அதே கண்டுபிடிப்பைச் செய்த இன்னொரு குழு தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் இருந்தது. இரண்டு இடங்களிலும் அந்த ஆழத்தை வெட்டிக் கொடுத்தவர்கள், அவரவர் நாட்டில் கடைசிப் படியில் வைக்கப்பட்டவர்கள். விஞ்ஞான வரலாற்றில் ஆழம் என்பது ஒரு எண்ணாக மட்டும் பதிவாகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் எண்பது ஆண்டுக் கூலி வேலை இருக்கிறது. புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனை 1980களில் அங்கேயே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. சுரங்கத்தின் பம்புகள் நின்ற பிறகு நீர் மட்டம் ஏறி, அந்தக் குகைகள் மூழ்கிப்போயின. இந்தியாவின் புதிய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்குத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைய வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வழக்கும் வாதமும் நடந்தபோது, நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததைப் பேசியவர்கள் மிகச் சிலர்.

சுரங்கம் ஏன் மூடியது என்பதற்கு ஒரு வரி விடை உண்டு: தங்கம் தீர்ந்தது. அது பாதி விடை. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது உண்மை. மைசூர் அரசு 1956-இல் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியபோதே வெள்ளையர் நல்ல பழத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். 1962-இல் மத்திய அரசுக்குப் போய், 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமானது. எடுத்த தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலையில் அரசிடமே நீண்டகாலம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்துவிட்டு, நஷ்டத்தில் ஓடுகிறது என்று அந்தத் தொழிலாளியையே கைகாட்டினார்கள். இந்த நஷ்டக் கணக்கை நான் ஒருபோதும் நேர்மையான கணக்காக ஏற்றதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊரை 28 பிப்ரவரி 2001 அன்று ஒரு உத்தரவில் மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதிய ஊர் அதோடு அடங்கியது.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. 1964 டிசம்பர்ப் புயல் ஒரே இரவில் வேலையை முடித்தது, யாரையும் நோவதற்கில்லை. பெரம்பூரின் பக்கிங்ஹாம் கர்னாட்டிக் ஆலையை முதலாளிகள் விட்டுப் போனார்கள், நிலத்துக்கு விலை கிடைத்தது. தங்கவயல் இரண்டிலும் சேராது. கடலும் கொள்ளவில்லை, நிலமும் விற்கவில்லை. அரசாங்கமே பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இருபதாண்டுக்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்தது. பூட்டிய கட்டடங்களிலிருந்து செம்புக் கம்பி போயிற்று, கதவு போயிற்று, கூரை மரம் போயிற்று. மக்கள் மட்டும் போகவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பாட்டன் செங்குத்தாக இறங்கிய தூரத்தைப் போலப் பல மடங்கைப் பேரன் கிடைமட்டமாகத் தினமும் பயணம் செய்கிறான். தாங்கள் வாழும் கம்பெனி வீடுகளைத் தங்கள் பெயருக்கே எழுதிக் கொடுங்கள் என்ற கோரிக்கை இன்னும் தீர்ந்தபாடில்லை.

கைவிடப்பட்டது என்ற சொல்லை யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று 2021 மே மாதம் அந்த ஊர் காட்டிக் கொடுத்தது. கொரோனா இரண்டாம் அலை. பெங்களூரில் படுக்கையும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. கோலாரிலும் இல்லை. சுரங்கத்தோடு மூடப்பட்டு இருபதாண்டாக இருண்டு கிடந்த கம்பெனி ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ராக் பர்ஸ்ட்டில் நசுங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆஸ்பத்திரி. தங்கவயலில் பலர் பிறந்ததே அங்கேதான். ஊர்க்காரர்கள் துடைப்பமும் மண்வெட்டியுமாகக் கூடினார்கள். இளைஞர்கள், ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், அரசியல் தொண்டர்கள் என்று பேதமில்லாமல் வந்தார்கள். புதர் வெட்டினார்கள், இருபதாண்டுத் தூசியை அள்ளினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள், குழாயும் மின்சாரமும் இழுத்தார்கள். சுமார் இரண்டே வாரங்களில் அது கொரோனா சிகிச்சை மையமாக எழுந்து நின்றது. இருபது ஆண்டுகளில் ஒரு அரசு நிறுவனத்தால் முடியாமல் போனது இரண்டு வாரத்தில் ஊராரால் முடிந்தது. காரணம் எளியது. அவர்கள் கணக்கில் அந்தக் கட்டடம் ஒருநாளும் கைவிடப்படவில்லை. எந்த வார்டு எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, பிரேதம் எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

பாழ்கட்டடங்களைத் தேடிப் போகும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த மனப்பாடத்தைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். ஒரு பழைய தொழிலாளியைத் துணைக்கு அழையுங்கள். அவர் கை காட்டும் வெற்றிடத்தைப் படம் எடுங்கள். இங்கே தட்டி வீடு இருந்தது, இங்கே ஷிப்ட்டுக்கு முன் வரிசையில் நின்றோம், இங்கே உடம்பைச் சோதித்தார்கள், இங்கே பத்திரிகை படித்தோம். சுவர் இல்லாத இந்த இடங்களை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடைசி ஷிப்ட்டில் முப்பது வயதில் இருந்தவருக்கே இப்போது ஐம்பது கடந்துவிட்டது. 1950களின் தங்கவயலை நேரில் கண்டவர்கள் சொற்பம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, தங்கவயலின் 13 சயனைடு மேடுகளை மறுபடி பிரித்துத் தங்கம் எடுக்க ஒப்புதல் கொடுத்தது. அவற்றில் கிடக்கும் மண் சுமார் 3.3 கோடி டன். அரைத்த பாறையைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய கழிவு அது. ஆடிக் காற்றில் பறந்து வீடுகளுக்குள் படிந்த, பிள்ளைகள் சறுக்கி விளையாடிய, சினிமாக்காரர்கள் பாலைவனமாகக் காட்டிய மண். நூற்றாண்டுக்கு முந்தைய இயந்திரத்தால் விட்டுப்போன துகள்கள் இன்றைய தங்க விலைக்குக் கட்டுபடியாகும் என்கிறார்கள். ஆகட்டும், ஊருக்கு வேலை வந்தால் நல்லது. வேலையில் முதல் பங்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். தூசியும் சயனைடும் கிணறுகளில் இறங்காதபடி காவல் வேண்டும். இயந்திரங்கள் உள்ளே வருவதற்கு முன், பாரத் கோல்டு மைன்ஸின் பூட்டிய அலுவலகங்களிலும் ஆஸ்பத்திரியிலும் எஞ்சியிருக்கும் ஆட்பட்டியல்கள், விபத்துப் பதிவேடுகள், சுரங்க வரைபடங்கள் அத்தனையையும் எடுத்து ஒரு பொது ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். பெங்களூரில் வேண்டாம், டெல்லியில் வேண்டாம், தங்கவயலிலேயே வைக்க வேண்டும். நிற்கும் பங்களாக்களில் ஒன்றுக்குக் கூரை போட்டால் போதும். சுரங்கத்தில் இறந்தவர்களின் பெயர்களை அந்தப் பதிவேடுகளிலிருந்து தொகுத்துத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சிட வேண்டும். செலவு பெரிதல்ல. கேட்க வேண்டியவர்கள் கர்நாடக அரசையும் மத்தியச் சுரங்க அமைச்சகத்தையும் கேட்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும்.